பைக் மீனுக்கு டிப்-அப்: காசை எங்கே போடுவது?

டிசம்பர் பிறந்துவிட்டால் கனடாவின் ஒண்டாரியோவிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் தூண்டில் கடைகளில் ஒரு முழுச் சுவரையே டிப்-அப்புக்கு ஒதுக்கிவிடுவார்கள். மரத்தில் செய்த சிலுவைச் சட்டம், கறுப்பு வட்டத் தட்டு, காற்றுக்கு ஆடும் உலோகத் தகடு, தூண்டில் கோலையே தாங்கிப் பிடிக்கும் பெட்டி என்று வகைவகையாக இருக்கும். புதிதாக வாங்க வருகிறவர் அந்தச் சுவர் முன்னால்தான் நெடுநேரம் நிற்பார். கொக்கியும், அதை நரம்போடு இணைக்கும் கம்பி லீடரும் தொங்கும் பக்கத்து வரிசையிலோ, பணம் கட்டப் போகிற வழியில் கைக்கு எட்டியதைப் பறித்துக்கொண்டு போவார். கூர்பற்கள் கொண்ட நன்னீர் வேட்டை மீனான பைக்குக்குப் போகிறவர்கள் இதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பனிக்கு மேலே இருப்பதில் சிக்கனம் பார்க்கலாம். கீழே தொங்கும் கடைசி இரண்டடியில் பார்க்கக் கூடாது.

இதில் இறங்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. உறைந்த ஏரியில் துளை போட்டு, அதன் மேல் வைத்துவிட்டு நாம் தள்ளிப் போய் நிற்கிற கருவிதான் டிப்-அப். தூண்டில் நரம்பு சுற்றிய ஸ்பூல் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும், அதனால் உறையாது. மீன் இரையைக் கவ்விக்கொண்டு நகர்ந்தால் ஸ்பூல் சுழலும், அதோடு சேர்ந்த தண்டும் சுழலும். வளைத்து மாட்டியிருந்த எஃகுக் கம்பி விடுபட்டு, அதன் நுனியிலுள்ள செம்மஞ்சள் கொடி நிமிரும். நாம் போய் நரம்பைக் கையால் இழுத்து மீனை மேலே கொண்டுவர வேண்டும். கோலும் இல்லை, ரீலும் இல்லை. வாசலில் மாட்டிய அழைப்பு மணியின் வேலைதான் அதற்கு. வந்தவரைப் பிடித்து உட்கார வைப்பது அதன் வேலை அல்ல.

எத்தனை தூண்டிலுக்கு அனுமதி?

எந்தக் கருவி என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது இது. ஒண்டாரியோவில் பெரும்பாலான நீர்நிலைகளில் பனிக்கு மேல் ஒருவருக்கு இரண்டு தூண்டில். நீங்கள் அவற்றிலிருந்து 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இரண்டும் எந்நேரமும் மறைவில்லாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மினசோட்டாவிலும் இரண்டுதான், டிப்-அப்பிலிருந்து 200 அடிக்குள் ஆள் இருக்க வேண்டும். விஸ்கான்சினில் மூன்று. மெய்ன் மாநிலத்தில் ஐந்து.

ஐந்து துளை போடலாம் என்றால் விளையாட்டே வேறு. ஆழமில்லாத இடத்தில் ஒன்று, நீர்க்களையின் விளிம்பில் இரண்டு, பள்ளத்தில் இரண்டு என்று பரப்பி வைத்து மீன் எங்கே நடமாடுகிறது என்று தேடலாம். ஒரு கொடி நிமிர்ந்து மீன் தப்பினாலும் இன்னும் நான்கு இருக்கின்றன. அங்கே விலை குறைந்த, பழுது பார்க்கச் சுலபமான கருவிகள் நிறைய வைத்திருப்பது புத்திசாலித்தனம். மெய்னை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்துப் பகுதிக்காரர்கள் எளிய மரச்சட்டங்களைக் கூடை கூடையாகச் சுமந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டே தூண்டில் என்றாலோ, ஒரு நாளில் நிமிரும் கொடிகளே சில. வந்த மீன் கொக்கியில் நின்றதா இல்லையா என்பதுதான் அந்த நாளின் கணக்கு. ஒண்டாரியோவில் இருந்துகொண்டு மெய்ன்காரர் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் சரிப்படாது.

மேலே இருக்கும் கருவி

மரச்சட்ட வகை பழையது, இன்றும் நல்லது. பீவர் டாம் என்ற பெயரில் விற்கும் சட்டத்தில் தண்டு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. குழாயில் குளிரில் இறுகாத மசகு நிரப்பியிருப்பார்கள். ஒழுங்காக வைத்துக்கொண்டால் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் பொருள். அதே வடிவத்தைப் பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள், விலை நன்றாகவே குறையும். இரண்டுக்கும் ஒரே குறை: துளை திறந்து கிடக்கிறது. கடுங்குளிரில் தண்டைச் சுற்றிப் பனி இறுகும், சல்லடைக் கரண்டியோடு திரும்பத் திரும்பப் போய் உடைத்துவிட வேண்டும். நான்கடி, ஐந்தடித் தண்ணீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. பனி மூடிய ஏரியின் அடியில் இருட்டு. நம் துளை மட்டும் மேலிருந்து விளக்குப் போட்டதுபோல் வெளிச்சத்தைக் கொட்டும். தெளிந்த நீரில் பெரிய பைக் அதைக் கண்டு ஒதுங்கும்.

வட்டத் தட்டு வகை இந்த இரண்டையும் ஒரே மூச்சில் தீர்க்கிறது. ஃப்ராபில் நிறுவனத்தின் ப்ரோ-தெர்மல் போன்றவற்றின் அடியில் நுரைத் திணிப்பு இருக்கிறது. பத்தங்குலத் துளையையும் மூடி, குளிரையும் வெளிச்சத்தையும் தடுக்கும். ஓரத்தில் கொஞ்சம் பனித்தூளைத் தள்ளி அணைத்துவிட்டால் வெகுநேரம் தொடவே வேண்டாம். ஆனால் பனிப்பொழிவின் பாரத்தில் ஏரியின் மேற்பரப்பு அமிழ்ந்து தண்ணீர் துளை வழியே மேலேறும் நாள்களில் தட்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். மீன் வந்த அவசரத்தில் அதைப் பெயர்த்தெடுக்கும்போதுதான் உடையும். அப்படிப்பட்ட நாளில் முதலில் காய்ந்த பனியை மிதித்து மேடாக்கி, அதன் மேல் வைக்க வேண்டும்.

காற்றில் ஆடும் வகையைப் பைக்குக்கு நான் பரிந்துரைப்பதில்லை. செத்த இரைக்கு அது அசைவு கொடுக்கும், உண்மைதான். ஆனால் ஸ்பூல் பனிக்கு மேலே இருப்பதால் நரம்பு துளையில் உறைந்து நிற்கும். இதமான நாளுக்கு ஆகும்.

கோல் தாங்கும் வகைதான் இப்போது நிறையப் பேரை இழுக்கிறது. கொடி நிமிர்ந்ததும் கோலை எடுத்து, ரீலின் பிடிமானத்தை வைத்து மீனோடு மல்லுக்கட்டலாம். வெறுங்கையால் நரம்பை இழுக்கப் பயப்படுகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது நிச்சயம் மேல். இன்னொரு வகையில் வளைத்து வைத்த கோல் மீன் தொட்டதும் தானே நிமிர்ந்து கொக்கியை ஏற்றிவிடும். ஜா ஜாக்கர் அப்படிப்பட்டது. தானாகக் கொக்கி ஏற்றும் கருவிகளுக்கு இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதால் விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மைனஸ் இருபதில் ரீலும் கோலின் வளையங்களும் உறைந்து போவது இந்த வகை முழுவதற்கும் பொதுவான தலைவலி. பனி மேல் போடும் குடிலுக்குள்ளோ அதன் வாசலிலோ வைப்பதானால் நல்ல தேர்வு, திறந்த வெளியில் அறுபது மீட்டர் தள்ளி வைப்பதற்கு இல்லை.

கைப்பேசிக்குச் சேதி அனுப்பும் மணி, இரவில் மின்னும் விளக்கு எல்லாம் விற்கிறார்கள். பைக் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். பகலில்தான் அதற்கு வேலை. இருட்டிய பிறகு வரும் வால்ஐ, பர்பாட் மீன்களுக்குக் காத்திருப்பவர்கள் அந்த விளக்கை வாங்கட்டும்.

ஆழமில்லாத களைத் தண்ணீர் என்றால் வட்டத் தட்டு, பத்தடிக்கு மேல் ஆழம் என்றால் எதுவும் சரி. எதை வாங்கினாலும் விசைப் பிடியைப் பாருங்கள். பல டிப்-அப்களில் தண்டின் தலைப்பில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பள்ளத்தோடும் இருக்கும். வழவழப்பான பக்கத்தில் கம்பியை மாட்டினால் லேசான இழுப்புக்கே கொடி நிமிரும். ஏழெட்டு அங்குல உயிர் இரை மாட்டிவிட்டு அந்தப் பக்கத்தில் வைத்தால், இரை நீந்துவதற்கெல்லாம் கொடி ஆடி நம்மை ஏரி முழுக்க ஓடவைக்கும்.

கீழே தொங்கும் இரண்டடி

இங்கேதான் உண்மையான தேர்வு. ஒரு பக்கம், ட்ரெபிள் எனப்படும் மும்முனைக் கொக்கி ஒன்றே ஒன்றை இரையின் முதுகில் குத்தித் தொங்கவிடும் பழைய முறை. மறுபக்கம், குவிக்-ஸ்ட்ரைக் எனப்படும் இரட்டைக் கொக்கி அமைப்பு: ஒரே கம்பியில் மூன்று நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு சிறிய ட்ரெபிள்கள், ஒன்று இரையின் முதுகுத் துடுப்புப் பக்கம், மற்றது வால் பக்கமோ தலைப் பக்கமோ. இரை கிடைமட்டமாகத் தொங்கும்.

வித்தியாசம் புரிய வேண்டுமானால் பைக் சாப்பிடும் விதத்தைப் பார்க்க வேண்டும். அது இரையைக் குறுக்காகக் கவ்வும். கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், நிற்கும். நின்ற இடத்தில் இரையைத் திருப்பித் தலை முன்னால் வரும்படி விழுங்கும். பிறகு மறுபடி நகரும். ஒற்றைக் கொக்கிக்காரர் கொடியருகே மண்டியிட்டுச் சுழலும் ஸ்பூலைப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டாவது ஓட்டத்துக்காகக் காத்திருப்பார். அதற்கு முன்னால் இழுத்தால் கொக்கி வாய்க்கு வெளியில் இருக்கலாம், இரை மட்டும் பிய்ந்து வரும். காத்திருந்து இழுத்தாலோ கொக்கி தொண்டையைத் தாண்டிச் செவுளிலோ வயிற்றிலோ போய் மாட்டியிருக்கும். அந்த மீனை விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

இரட்டைக் கொக்கியில் குறுக்காகக் கவ்விய அந்தக் கணமே ஒரு கொக்கியாவது வாய்க்குள் இருக்கிறது. கொடியை அடைந்தவுடனே இழுக்கலாம். பெரும்பாலும் தாடையோரத்தில் மாட்டும், சாமணத்தால் ஒரு திருகில் கழன்றுவிடும். இது ஒன்றும் நேற்று வந்த புதுமை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பைக் மீனுக்குப் பேர்போன ஆல்ஃபிரெட் ஜார்டின் இதே தத்துவத்தில் இரட்டைக் கொக்கி அமைப்பைக் கட்டினார், இன்றும் அங்கே அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். வட அமெரிக்கப் பனிக்கு இது பரவலாக வந்து சேர அத்தனை காலம் பிடித்தது.

பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறோம், ஆழமாக விழுங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சட்டம் அப்படி விடுவதில்லை. மினசோட்டா 2018-இல் பைக்குக்காக மாநிலத்தை மூன்று மண்டலமாகப் பிரித்தது. வடமத்திய மண்டலத்தில் ஒருவர் பத்து மீன் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளதைத் திரும்ப விட்டே ஆக வேண்டும். எல்லையோர லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியின் மினசோட்டாப் பகுதியில் 30 முதல் 40 அங்குலம் வரை உள்ளதை விட வேண்டும். துளைக்குள் இருக்கும் மீன் எத்தனை அங்குலம் என்று கொடி சொல்லாது. விட்டே தீர வேண்டிய மீன் வயிற்றில் கொக்கியோடு வந்தால், சட்டப்படி அதைச் சாகவும் விட வேண்டியதுதான்.

ஒற்றைக் கொக்கிக்கு இடமே இல்லையா? மூன்று அங்குலச் சின்ன இரைக்கு இரண்டு ட்ரெபிள் போட்டால் இரையைவிட இரும்பு அதிகமாகிவிடும். அங்கே ஒற்றைக் கொக்கி போதும், ஆனாலும் உடனே இழுத்துவிட வேண்டும். சின்ன இரையைப் பைக் ஒரே வாயில் எடுத்துக்கொள்ளும். கனடாவின் மனிடோபாவில் முனையில் எதிர்முள் இல்லாத கொக்கிதான் செல்லும், அங்கே இரண்டு ட்ரெபிளின் எதிர்முட்களையும் குறடால் நசுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். மினசோட்டாவில் அமைப்பின் முதல் கொக்கிக்கும் கடைசிக் கொக்கிக்கும் இடையே 9 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நாம் கட்டுவது அதில் பாதிகூட வராது.

லீடரில் மூன்று சாய்ஸ்: கம்பி, டைட்டானியம், தடித்த ஃப்ளோரோகார்பன். சாதாரண நைலான் நரம்பு பைக்கின் பல்லுக்கு நிற்காது, அதைப் பேசவே வேண்டாம். ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் கண்ணுக்குப் படுவது குறைவு, எண்பது பவுண்டு (இழுவை தாங்கும் அளவு) தடிமனில் பெரும்பாலும் தாங்கும். அந்தப் ‘பெரும்பாலும்’தான் எனக்கு உறுத்தல். அறுந்தால் நமக்குப் போவது ஒரு மீன். அதற்கோ வாயில் இரண்டு ட்ரெபிளோடு திரிய வேண்டிய நிலை. ஏழு இழை முறுக்குக் கம்பியில் முப்பது பவுண்டு, நீளம் ஓரடி முதல் ஒன்றரையடி. என் ஓட்டு அதற்கு. மலிவு, வளைந்து கொடுக்கும், வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். சுருண்டுபோனால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது. டைட்டானியம் எளிதில் சுருளாது, ஆனால் விலையைப் பார்த்தால் சுருண்டதைக்கூட நேராக்கிப் பயன்படுத்தத் தோன்றும் அளவுக்குக் கையைக் கடிக்கும்.

ஸ்பூலில் சுற்றும் முதன்மை நரம்பு தடிப்பாக இருக்கட்டும். டாக்ரான் அல்லது மேற்பூச்சுள்ள பின்னல், முப்பதிலிருந்து ஐம்பது பவுண்டு. மெல்லிய நவீனப் பின்னல் நரம்பு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் வேண்டாம். கையால் இழுக்கும்போது விரலை அறுக்கும், காற்றில் பறந்து சிக்கும். மேற்பூச்சு இல்லாதது தண்ணீரை உறிஞ்சி, பனியில் கிடக்கும்போதே விறைத்துக் கம்பியாகிவிடும்.

உயிர் இரையா, செத்ததா?

பல இடங்களில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. கனடாவின் கியூபெக்கில் 2017 ஏப்ரலிலிருந்து உயிர் மீன் இரைக்குத் தடை. சஸ்காச்சுவானிலும் ஆல்பர்ட்டாவிலும் உயிர் மீன் இரை கூடாது. ஒண்டாரியோவில் உயிர் இரைக்கு அனுமதி உண்டு, ஆனால் 2022-இலிருந்து மாகாணத்தை இரை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலம் விட்டு மண்டலம் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்த இன மீன் இரையாகலாம் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. தமிழ்க்கடையில் வாங்கிய கானாங்கெளுத்தி மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு கிளம்புமுன் அதைப் பார்த்துவிடுங்கள். நம் சமையலுக்கு ஆகும் மீனெல்லாம் அங்கே இரைக்கும் ஆகும் என்பதில்லை.

அனுமதி இரண்டுக்கும் உண்டென்றால்? முதல் பனியில், களை இன்னும் பச்சையாக நிற்கும் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும், பைக் துரத்திப் பிடிக்கும் தெம்போடு இருக்கும். அப்போது நீந்தும் இரை முந்தும். நடுக்குளிர்காலத்தில் ஆழமில்லாத குடாக்களில் களை அழுகி ஆக்சிஜன் குறையும், மீன் ஆழத்துக்கு நகர்ந்து மந்தமாகும். அதிலிருந்து பருவம் முடியும்வரை என் ஓட்டு செத்த இரைக்கு. பைக் பிணம் தின்னக் கூச்சப்படாத மீன். எண்ணெய்ச் சத்துள்ள சிஸ்கோ, ஹெர்ரிங் போன்ற மீன்களை உறைந்த நிலையில் வாங்கி, அரை குறையாக இளகியதும் கொக்கியில் மாட்டினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். வாளித் தண்ணீர் உறையுமோ, இரை சாகுமோ என்ற கவலையும் இல்லை. லேக் ஆஃப் த வுட்ஸில் மார்ச் மாதம் பெரிய பைக் தேடுகிறவர்கள் டிப்-அப்பில் ஹெர்ரிங்தான் மாட்டுகிறார்கள். பனி உருகியதுமே முட்டையிடப் போகும் மீன்கள் அப்போது குடாக்களின் வாயில் கூடத் தொடங்கியிருக்கும்.

வைக்கும் முறை

டொராண்டோ பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு சிம்கோ ஏரியின் தென்கோடியிலுள்ள குக்ஸ் பே நல்ல உதாரணம்: ஆழம் குறைவு, களை அதிகம். இரண்டு துளை என்றால் ஒன்றைக் களைக்குள் ஆறடியிலும் மற்றதைக் களை முடியும் வெளிவிளிம்பிலும் போடுவேன். கொக்கியில் ஈயக்குண்டைக் கவ்வவிட்டு அடி தொடும்வரை இறக்குங்கள். அங்கிருந்து களையின் தலைக்கு மேல் ஓரடி வரும்படி உயர்த்தி, அந்த இடத்தில் நரம்பில் ஒரு சின்னப் பொத்தானை மாட்டிவிட்டால் அடுத்த முறை அளக்க வேண்டாம். பைக்கின் கண் மேல்நோக்கியது. இரை கொஞ்சம் உயரமாக இருந்தால் பார்த்துவிடும், களைக்குள் புதைந்தால் பார்க்காது. காலையில் ஒரு மணி நேரம் கொடி அசையவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லாமல் துளையை மாற்றுங்கள்.

இறங்குமுன் தெளிந்த பனி நான்கங்குலமாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெண்பனி என்றால் அதற்கு இரு மடங்கு. கழுத்தில் பனிக்குத்தி (உள்ளே விழுந்தால் பனியில் குத்தி ஏற உதவும் கூர்முனை) தொங்கட்டும்.

கொடி நிமிர்ந்ததும் தடதடவென்று ஓட வேண்டாம், ஆழமில்லாத நீரில் காலடி அதிர்வு கீழே கேட்கும். டிப்-அப்பை மெதுவாக உயர்த்தித் தள்ளி வைத்துவிட்டு, நரம்பு போகும் திசையைக் கையால் உணர்ந்து, ஒரே வீச்சில் இழுங்கள். இழுத்த நரம்பு உங்கள் காலைச் சுற்றாமல் ஒரு பக்கமாக விழட்டும், ஏனென்றால் துளையருகே வந்த பைக் கடைசியாக ஒரு தடவை பாயும். அப்போது நரம்பை விரலிடையே நழுவவிட வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நீண்ட மூக்குக் குறடும் கம்பி வெட்டியும் சட்டைப் பைக்குள் இருக்கட்டும். வண்டியில் விட்டுவிட்டு வந்தால் பயனில்லை. விடப்போகும் மீன் என்றால் மைனஸ் இருபதில் பனி மேல் கிடத்தி அளந்துகொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். செவுளும் கண்ணும் சில நொடிகளில் உறையத் தொடங்கும். அளவுக்கோலை முன்பே விரித்து வையுங்கள், துளைக்குள்ளேயே கொக்கியைக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது.